நூற்றிருபது எழுத்து அகலம்

மருந்துச் சீட்டு மென்பொருள் இயக்ககத்தில் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அவளுடைய திரையில் நாற்பத்தொரு சிவப்பு வரிகள் வந்தன.

அவளுக்கு வயது முப்பத்தாறு. பிள்ளைகள் இரண்டும் ஓரளவு தலையெடுக்கும்வரை வீட்டில் இருந்துவிட்டு, ஒன்பது வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தவள். ஆனாலும் தகுதிகாண் பருவம் முடியும்வரை அந்த அலுவலகத்தில் யாராக இருந்தாலும் 'புதுசு'தான். "அந்தப் புதுசக் கூப்பிடுங்க" என்பார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஆஸ்பத்திரிகளில் மருந்து பாட்டில்மேல் ஒரு லேபிள் ஒட்டிக் கொடுப்பார்களே, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று, அதை அச்சடிக்கும் மென்பொருளை எழுதுவது அந்த இயக்ககம். மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்கள் உண்டு; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. தினமும் காலையில் அவற்றை ஓட்டிப் பார்த்து, எல்லாம் பச்சை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது புதுசின் வேலை. ஆறு வருடமாக எல்லாம் பச்சை. சிவப்பு வந்தால் எழுதுவதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

நான்கு வாரம் அடுத்தவர் மேசையில் உட்கார்ந்து ஓட்டினாள். அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு மேசையும், யாரோ கழித்துப் போட்ட சின்னத் திரை ஒன்றும் கிடைத்தன. உட்கார்ந்த முதல் காலையிலேயே நாற்பத்தொன்று சிவப்பு. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நாற்பத்தொன்று. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

பிரிவுத் தலைவர் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். நாற்பத்தைந்து வயதிலேயே முழுக்க நரைத்தவர். பேசுவதற்கு முன்பும் பேசிய பின்பும் முகத்தைத் துடைத்துக்கொள்வார் என்பதால் அவருக்குக் 'கைக்குட்டை' என்று பெயர்.

"என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை சார். ஓட்டினேன்."

"ஆறு வருஷமா ஓட்டறோம். யாருக்கும் வரல. நீங்க தொட்டதும் வருது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தமா சொல்லாதீங்க. ஸ்க்ரீன அணைங்க முதல்ல."

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தை மூடி எட்டு மாதம் ஆகிறது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஐந்து மாதம். 'இவள் கை பட்டதும் கெட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும், வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரர் "என்னாச்சு?" என்றதற்குத் "தலைவலி" என்றாள்.

புதன்கிழமை அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தற்செயலாகத்தான். டெஸ்ட் ஓட்டுகிற டெர்மினல் என்ற கறுப்பு விண்டோவின் ஓரம் சுட்டியில் மாட்டி இழுபட்டு விண்டோ பெரிதானது. அப்படியே ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை. சிறிதாக்கினாள். நாற்பத்தொன்று சிவப்பு. பெரிதாக்கினாள். பச்சை.

பிடரி சில்லிட்டது. பேய்க்கதை கேட்டால்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. ஆனால் பேய் ஒன்றும் இல்லை. லேபிளில் என்ன வரும் என்பதை மென்பொருள் திரையில் எழுதிக் காட்டும். விண்டோ எவ்வளவு அகலமோ அவ்வளவு எழுத்து போனதும் வரியை மடிக்கும். டெஸ்ட்டோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வரி வேறு இடத்தில் மடிந்தால் டெஸ்ட்டுக்கு அது வேறு லேபிள். டெஸ்ட்களை எழுதியவரின் விண்டோ நூற்றிருபது எழுத்து அகலம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அகலம் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஆறு வருடமாகப் பணியில் இருந்தது.

கைக்குட்டையிடம் காட்டினாள். அவர் தானே சுட்டியைப் பிடித்து ஒரு முறை சிறிதாக்கினார், ஒரு முறை பெரிதாக்கினார். சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"சார், இது சின்ன விஷயம்தான். விண்டோ எவ்வளவு அகலம்னு மென்பொருள் போய்க் கேக்குது. டெஸ்ட் ஓடும்போது கேக்க விடாம, அகலத்த டெஸ்ட்டே சொல்லிட்டா போதும். யார் எந்த ஸ்க்ரீன்ல ஓட்டினாலும் ஒரே பதில்தான் வரும்."

"அப்படின்னா இத்தனை நாள் தப்பா இருந்துச்சுன்னு ஆகுமே?"

"ஆமா சார்."

"ஆறு வருஷமும்?"

"ஆமா சார்."

கைக்குட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "அம்மா, நான் பொண்ணு கல்யாணத்தை வச்சிருக்கேன். நீங்க இத எங்கிட்ட சொல்லல. நான் கேக்கல."

ஆனால் பயந்தவர்களால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. பிறகு தெரிந்து 'ஏன் முதலிலேயே சொல்லவில்லை' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மதியத்துக்குள் அவரே போய் இயக்குநரிடம் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை எல்லாரையும் கூட்ட அரங்குக்கு வரச் சொன்னார்கள். இயக்குநர் உயரமானவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மெதுவாகப் பேசப் பேசத்தான் கேட்பவர்கள் நாற்காலி நுனிக்கு வருவார்கள்.

"நம்ம மென்பொருளில் குறை இல்லை. நம்ம டெஸ்ட்டில் குறை இல்லை. ஆறு வருடம் பச்சையாக இருந்ததே அதற்குச் சாட்சி. குறை எங்கே? அகலத்தில். அகலம் என்பது என்ன? ஒழுக்கம். ஒருத்தர் நூறு வைக்கிறார், இன்னொருத்தர் எண்பது வைக்கிறார். நாளைக்கு நூற்றைம்பது வைப்பார். இப்படியே போனால் உண்மை என்ன ஆவது? நூற்றிருபதில்தான் உண்மை தெரிகிறது என்றால் எல்லாரும் நூற்றிருபதில் நின்று பார்ப்பதுதான் முறை. உண்மையைத் தேடி நாம் அலையக் கூடாது. அது வருகிற இடத்தில் போய் நிற்க வேண்டும்."

கை தட்டினார்கள். புதுசும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பலமாகவே தட்டினாள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'இவ்வியக்ககத்தின் அனைத்துச் சாளரங்களும் நூற்றிருபது எழுத்து அகலத்தில் பேணப்படும். அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புவோர் படிவம் ஏழில் மூன்று நாள்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.' அடுத்த திங்களன்று அகலப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ஓர் அகல அலுவலர், ஆறு உதவியாளர்கள். அகல அலுவலர் கண்ணாடிபோன்ற நீள ஸ்கேல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். ஒவ்வொரு திரையிலும் நூற்றிருபதாவது எழுத்து முடிகிற இடத்தில் சிவப்பு நாடா ஒட்டினார். விண்டோவின் ஓரம் நாடாவைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. புதுசின் சின்னத் திரையில் நூற்றிருபது எழுத்து அடங்காததால் அவளுக்குப் பெரிய திரை வந்தது. அதற்கு அவள் 'பெற்றுக்கொண்டேன்' என்று நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு அந்தத் தளத்தில் சுட்டியைத் தொடவே எல்லாரும் பயந்தார்கள். மூன்றாவது மேசைக்காரர் தும்மியபோது கை பட்டு விண்டோ திரை முழுக்க விரிந்துவிட்டது. மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நான் இல்ல, நான் இல்ல" என்று கையை உயர்த்தி நின்றார். அவரை ஒரு வாரம் அகலப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

கண் மங்கிய தட்டச்சுக்காரம்மா ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்பவர். எழுத்து பெரிதானால் அதே விண்டோவில் குறைவான எழுத்துதான் அடங்கும். அவருக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள். 'தங்கள் பார்வைக் குறைபாடு அலுவலக அகலத்தைப் பாதிக்காதவாறு பார்த்துக்கொள்ளவும்.' அந்த அம்மா எழுத்தைச் சிறிதாக்கிவிட்டு, என்ன அடிக்கிறோம் என்று தெரியாமலே ஓய்வுபெறும் நாளைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பெரிய விவகாரம் வெடித்தது. குளிரூட்டிய அறையில் ஒரு சர்வர் உண்டு. ஆள் தொடாமல் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தானாகவே டெஸ்ட்களை ஓட்டும். அதன் முடிவை இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. அகலப் பிரிவு திறந்து பார்த்தது. தினமும் நாற்பத்தொன்று சிவப்பு.

இயக்குநர் புதுசையும் கைக்குட்டையையும் கூப்பிட்டார்.

"அந்த மெஷின்ல விண்டோ எவ்வளவு அகலம்?"

"அதுக்கு விண்டோவே இல்ல சார்," என்றாள் புதுசு. "அது தானா ஓடும். ஸ்க்ரீன் கிடையாது."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "சாளரம் இல்லாமல் ஓடுகிறதா? எத்தனை வருடமாக?"

"ஆறு வருஷமா சார்."

"யார் அனுமதி கொடுத்தது?"

கைக்குட்டை முகத்தைத் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே நின்றுவிட்டது.

அன்று மாலைக்குள் சர்வர் அறைக்கு ஒரு திரை போனது. அதில் ஒரு விண்டோ திறந்து, சிவப்பு நாடா ஒட்டி, அது நூற்றிருபதிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளையும் போட்டார்கள். சிவப்பை முதலில் பார்த்தவள் யாரோ அவளையே. ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னார்கள்.

குளிர், மெஷின் இரைச்சல், கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே அரைமணிக்கு ஒருமுறை ஸ்கேலோடு வந்து எட்டிப்பார்க்கும் அகல அலுவலர். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், பயத்தைவிடச் சலிப்பு ஒரு பிடி கூடிவிட்டது. அந்த நாற்பத்தொரு டெஸ்ட்களைத் திறந்தாள். திருத்தம் இரண்டே வரி. விண்டோவைப் போய்க் கேட்காதே, அகலம் இவ்வளவு என்று வைத்துக்கொள்.

எவ்வளவு என்று வைப்பது? நூற்றிருபது என்று அடிக்கப் போனவள் நிறுத்தினாள். இதை யார் படிக்கிறார்கள்? பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர். பாட்டிலின் லேபிள் நூற்றிருபது எழுத்து அகலமா? நாற்பதுதான். அதில் ஐந்து வரிதான். அவள் நாற்பது என்று வைத்தாள். ஒவ்வொரு டெஸ்ட்டிலும் வரவேண்டிய லேபிளை நாற்பது எழுத்துக்கு மடித்து எழுதினாள். மூன்று நாள் ஆனது. விறைத்த விரலை ஊதி ஊதி அடித்தாள்.

ஓட்டினாள். நாற்பது பச்சை. ஒன்று சிவப்பு.

விண்டோவை இழுத்துச் சிறிதாக்கி ஓட்டினாள். அதே ஒன்று. நாடாவைத் தாண்டி விரித்தாள். அதே ஒன்று. அகலம் இனி இதில் கை வைக்க முடியாது. அப்படியானால் இது நிஜமான சிவப்பு.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் லேபிள் அது. பெயர், அளவு, வேளை, குலுக்கிக் கொடுக்கவும், ஆறு மணி நேர இடைவெளி. ஐந்து வரி முடிந்துவிட்டது. ஆறாவது வரியில் வரவேண்டியது: 'ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது.' ஆறாவது வரிக்கு இடமில்லை என்று மென்பொருள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் அந்த வரியை விழுங்கிவிட்டு அச்சடித்தது. நூற்றிருபது எழுத்து அகலத்தில் எல்லாம் மூன்று வரிக்குள் அடங்கிவிடுவதால் எந்த டெஸ்ட்டும் அதைப் பார்த்ததில்லை.

இதுவரை அவள் பயந்ததெல்லாம் தன் வேலைக்காக. இப்போது வந்தது வேறு பயம். தன் சின்னவனுக்குக் காய்ச்சல் அடித்த நாள்கள் ஞாபகம் வந்தன. மூடியில் மருந்தை ஊற்றி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தது. அப்படி எத்தனை பேர் படித்திருப்பார்கள், ஐந்து வரியோடு?

போனை எடுத்து நாத்தனாரை அழைத்தாள். வீட்டில் கடைசி என்பதால் முப்பத்தொரு வயதிலும் அவள் பாப்பாதான். ஆஸ்பத்திரி மருந்தறையில் மருந்தாளுநர்.

"பாப்பா, பதறாம கேளு. குழந்தைங்க காய்ச்சல் மருந்து லேபிள்ல கடைசி வரி வருதா?"

"எது, நாலு முறைக்கு மேல கூடாதுங்கறதா? அது எங்க அண்ணி வருது. குலுக்கிக் குடுக்கணும்னு ஒரு வரி சேந்துச்சே, அதுலேர்ந்து ரெண்டு வருஷமா வரதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒவ்வொரு பாட்டில்லயும் நாங்க பேனாவால எழுதித்தான் குடுக்கறோம். விரல் தேயுது. ரெண்டு வாரம் முன்னால உங்க ஆபீஸுக்குப் புகார்கூட அனுப்பினோமே."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. 'சாளரத்தை அகலப்படுத்தவும்'னு ஒரே வரி. எங்களுக்கு ஒண்ணும் புரியல. பெரிய டாக்டரு, மேலிடத்து உத்தரவு, தட்டக் கூடாதுன்னுட்டாரு. கொத்தனார வச்சு மருந்தறை ஜன்னல ரெண்டடி இடிச்சுப் பெருசாக்கினோம். காத்து நல்லா வருது அண்ணி. வரிதான் வரல."

"அந்தக் கடிதத்தையும் ஒரு லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு. இப்பவே."

அதற்குள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அகல அலுவலர் நின்றிருந்தார். அவர் கண் அவள் முகத்தில் இல்லை, திரையில் இருந்தது. விண்டோ நாடாவைத் தாண்டி விரிந்து கிடந்தது. அதைவிடக் கொடுமை, அதில் நாற்பது டெஸ்ட்கள் பச்சையாக இருந்தன.

குற்றச்சாட்டு அரைமணியில் கைக்கு வந்தது. 'அனுமதியற்ற அகலத்தில் தேர்ச்சி பெறச் செய்தமை.' விசாரணை வெள்ளிக்கிழமை காலை. இயக்குநர் நடுவில், அகல அலுவலர் ஸ்கேலோடு வலது பக்கம். கைக்குட்டை நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். அவர் ஒரு சொல்கூட விடமாட்டார், ஒன்று விட்டுப்போனாலும் கேள்வி வருமே என்ற பயம். புதுசு நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எந்த அகலத்தில் ஓட்டினாலும் ஒரே முடிவு வருமாறு செய்திருக்கிறீர்கள். உண்மையா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"எப்படி வைத்தாலும் பாஸ் ஆகும் என்றால் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்ல நான் எதற்கு? இவர் எதற்கு?" அகல அலுவலர் ஸ்கேலை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஏழு பேர் கொண்ட பிரிவு. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இரண்டு வரியில் அழித்துவிட்டீர்கள். மேலிடத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது?"

மேலிடம் என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு கணம் தடுமாறியது. இவருக்குமா என்று புதுசுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் நாக்கு கொஞ்சம் இளகியது.

"சார், எல்லாம் பாஸ் ஆகல. ஒண்ணு ஃபெயில் ஆகுது." போட்டோக்களை அச்செடுத்து வைத்திருந்தாள். லேபிளையும் கடிதத்தையும் மேசைமேல் வைத்தாள். "குழந்தைங்க மருந்து. கடைசி வரி அச்சாகறதே இல்ல. ரெண்டு வருஷமா மருந்தறைக்காரங்க கையால எழுதறாங்க. எந்த ஆஸ்பத்திரியில எழுதறாங்க, எங்க எழுதலைன்னு நமக்குத் தெரியாது."

இயக்குநர் கடிதத்தைப் படித்தார். கையெழுத்து அவருடையதுதான். "இந்தப் புகாருக்குத்தான் பதில் அனுப்பியாயிற்றே. பதில் போன புகார் தீர்ந்த புகார்." பிறகு லேபிளைப் பார்த்தார். "இது நூற்றிருபதில் பாஸ் ஆகுமா?"

"எதுலயும் ஆகாது சார். அகலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அறையில் ஏதோ தளர்ந்தது. அகல அலுவலர் மூச்சு விட்டார். இயக்குநர் நிமிர்ந்தார்.

"சம்பந்தமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். இது அகல விசாரணை. அகலத்தோடு சம்பந்தமில்லாத எதையும் இங்கே பேச எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப இதத் திருத்த யார்கிட்ட அனுமதி கேக்கறது சார்? எந்தப் பிரிவு?"

"அப்படி ஒரு பிரிவு இல்லை."

"அனுமதி..."

"பிரிவே இல்லாத விஷயத்துக்கு அனுமதி எதற்கு அம்மா?" என்று சலித்துக்கொண்டு எழுந்தார் இயக்குநர்.

கைக்குட்டையின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும், வழக்கம்போல, தாளை இயக்குநர் முன் நீட்டினார். வழக்கம்போல, அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நடையில் கைக்குட்டை அவளுக்குப் பின்னால் ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. தாளில் கடைசி வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். 'பிரிவே இல்லாத விஷயத்துக்கு அனுமதி எதற்கு என இயக்குநர் தெரிவித்தார்.'

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"ஒரு மணி நேரம் சார். அஞ்சு வரிக்கு மேல போச்சுன்னா ரெண்டாவது லேபிள் அடிக்கற மாதிரி மாத்தணும். நீங்க சரின்னு அழுத்தினாத்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்."

"சீக்கிரம் பண்ணுங்க. எனக்குத் தைரியம் ரொம்ப நேரம் நிக்காது."

ஐம்பது நிமிடத்தில் செய்துவிட்டாள். ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை. கைக்குட்டை அவள் மேசைக்கு வந்து, கைக்குட்டையைச் சுட்டியின்மேல் போட்டு, அதன்மேல் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு, "கல்யாணத்துக்கு அவசியம் வரணும்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆணை வந்தது. அகலப் பிரிவின் அயராத கண்காணிப்பால் லேபிளில் இருந்த குறை கண்டறியப்பட்டதாகவும், அதைப் பாராட்டி அதற்கு இன்னும் நான்கு உதவியாளர்கள் கொடுக்கப்படுவதாகவும், டெஸ்ட்கள் இனி எந்த அகலத்திலும் தேறுகின்றனவா என்பதை ஒன்று முதல் நானூறு எழுத்துவரை ஒவ்வோர் அகலமாகக் கையால் இழுத்து அவர்கள் தினமும் சரிபார்ப்பார்கள் என்றும் இருந்தது. கடைசிப் பத்தியில் புதுசின் தகுதிகாண் பருவம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது. காரணம்: நாடாவைத் தாண்டியமை. படித்தேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

மதியம் பாப்பாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காய்ச்சல் மருந்து பாட்டில். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு லேபிள். இரண்டாவதில், கொட்டை எழுத்தில், தெளிவாக, 'ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது.' அதன் கீழேயே நீலப் பேனாவால் அதே வரி இன்னொரு முறை.

கூடவே குரல்செய்தி. "நல்லா அச்சாகுது அண்ணி, குறை ஒண்ணும் இல்ல. ஆனா உங்க ஆபீஸ நம்பி விட எங்களுக்குப் பயமா இருக்கு. அதனால கையாலயும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

இனி வேண்டாம் என்று பதில் குரல்செய்தி அனுப்பத்தான் புதுசு வாயைத் திறந்தாள். தளத்தின் கடைசியில் அகலப் பிரிவின் பதினோரு பேரும் ஒரு திரையைச் சுற்றி நின்று, விண்டோவின் ஓரத்தைப் பிடித்து, "பதினேழு... பதினெட்டு..." என்று எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுது பாப்பா," என்றாள். "நிறுத்தாத."